வீட்டுக்குள் சங்கு ஊதாது

மூக்கண்டப்பள்ளியில் ஷிப்ட் என்றால் என்னவென்று குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். 1970களில் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையின் முதல் கட்டம் இந்தப் பகுதியில் எழுந்த பிறகு, ஊராட்சியாக இருந்த இந்த ஊர் வாடகை வீடுகளால் நிறைந்தது. பிறகு ஓசூரோடு இணைந்து, 2019இல் மாநகராட்சியின் பகுதியும் ஆனது. விடிவதற்கு முன்பே பர்ஸ்ட் ஷிப்ட் ஆட்களை ஏற்றக் கம்பெனி பஸ்கள் தெருமுனைக்கு வரும். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் பால் பாக்கெட்டோடு வீடு திரும்புவார்கள்.

இப்போது அதே வீடுகளில் இன்னொரு வகை ஊழியரும் இருக்கிறார். அவருடைய கம்பெனி பெங்களூருவில் இருக்கிறது, வாடிக்கையாளர் அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ இருக்கிறார், வேலை படுக்கையறை மூலையில் நடக்கிறது. முழுக்க வீட்டிலிருந்தே செய்தால் அதை ரிமோட் என்கிறார்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் அலுவலகம், மீதி நாள் வீடு என்றால் ஹைப்ரிட். இப்படி வேலை செய்பவர்களின் உடலும் மனமும் கெடாமல் பார்த்துக்கொள்வதில் கம்பெனியின் பங்கு என்ன என்பதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

இதைப் பேசத் தொடங்கினாலே யோகா வகுப்பு, தியானச் செயலி, வெள்ளிக்கிழமை ஆன்லைன் விளையாட்டு என்று பேச்சு ஓடிவிடுகிறது. அவற்றில் தவறில்லை. ஆனால் ஒரு தொழில் நகரத்தில் இருந்துகொண்டு அங்கே தொடங்குவது சரியாகப் படவில்லை. பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் என்னென்ன கேட்டது என்று பாருங்கள். வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு அரை மணியாவது ஓய்வு தர வேண்டும். ஓ.டி. பார்த்தால் இரட்டைச் சம்பளம். வாரம் ஒரு நாள் விடுமுறை. போதிய வெளிச்சம், குடிநீர், முதலுதவிப் பெட்டி. 250 தொழிலாளர்களுக்கு மேல் இருந்தால் கேன்டீன், 30 பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம், 500 பேர் இருந்தால் ஒரு நல அலுவலர்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து இந்த எண்ணிக்கைகள் சிலவற்றை மாற்றியிருக்கின்றன. அடிப்படை மாறவில்லை. நேரம், இடம், சாப்பாடு, ஓய்வு, குழந்தை, முறையிட ஓர் ஆள் என்று இவை ஒவ்வொன்றும் தொழிலாளிகள் கேட்டுப் போராடிப் பெற்றவை. இவற்றை யாரும் தனியாக ‘ஊழியர் நலத் திட்டம்’ என்று பெயர் சூட்டிக் கொண்டாடவில்லை. ஆனால் மனிதரை மனிதராக வைத்திருப்பவை இவைதான். சங்கு ஊதினால் வேலை முடிந்தது. கேட்டைத் தாண்டினால் சூப்பர்வைசரின் குரல் எட்டாது. வேலை வீட்டுக்குள் வந்தபோது இந்த ஏற்பாடுகள் எதுவும் அதோடு சேர்ந்து வரவில்லை. லேப்டாப் மட்டும் வந்தது. விட்டுப்போனவற்றை ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் கம்பெனியின் கடமை என்பது என் கருத்து.

லேப்டாப் வந்த வரலாறு சுருக்கமானது. 2020 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே நாள்தோறும் கவனிக்காமலே கடந்துபோன மாநில எல்லை, இ-பாஸ் இல்லாமல் தாண்ட முடியாத கோடாக மாறியது. பெங்களூருவில் வேலை, ஓசூரில் வீடு என்று இருந்தவர்கள் வீட்டிலேயே அமர்ந்து லாகின் செய்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 5 அன்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை பி.பி.ஓ. கம்பெனிகளுக்கு இருந்த பதிவுக் கட்டாயத்தையும் வீட்டிலிருந்து வேலை செய்வதற்கு இருந்த நிபந்தனைகளையும் தளர்த்தியது. 2022 ஜூலையில் சிறப்புப் பொருளாதார மண்டலக் கம்பெனிகள் பாதி ஊழியர்கள் வரை வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கலாம் என்று வணிகத் துறை விதி கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அந்த வரம்பையும் எடுத்தது. கவனித்துப் பாருங்கள். இந்த அறிவிப்புகளின் நோக்கம் கம்பெனிக்கு வழி திறப்பது. ஊழியரின் நாற்காலியையோ தூக்கத்தையோ பற்றி அவை பேசவில்லை.

பிறகு அலுவலகங்கள் திரும்பத் திறந்தன, ஹைப்ரிட் வந்தது. ஓசூர்க்காரருக்கு அதன் மதிப்பு பெங்களூருக்காரரைவிட அதிகம். எலக்ட்ரானிக் சிட்டி இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் அதையும் தாண்டி சில்க் போர்டு, வெளிவட்டச் சாலை என்று போக வேண்டியவருக்குக் காலையும் மாலையும் ரோட்டிலேயே கரைகின்றன. 2025 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திராவரை வருவது பெரிய உதவி. இருந்தாலும் பொம்மசந்திராவுக்கு வந்து சேர பஸ்ஸோ பைக்கோ வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் அந்தப் பயணம் இல்லை என்றால் எவ்வளவு தூக்கமும் எவ்வளவு முதுகும் மிஞ்சும் என்பது அதைச் செய்பவருக்குத் தெரியும்.

இது வெறும் ஊகமல்ல என்பதற்குச் சீனாவில் நடந்த இரண்டு சோதனைகள் சாட்சி. இரண்டும் ஒரே கம்பெனியில் நடந்தவை. இன்று டிரிப்.காம் என்று அழைக்கப்படும் பயண முன்பதிவு நிறுவனம் அது. 2010 இறுதியில் ஷாங்காய் கால் சென்டரில் முன்வந்த ஊழியர்களைப் பிறந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பாதி வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து, மறுபாதி வழக்கம்போல அலுவலகத்தில். ஒன்பது மாதம் பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் உயர்ந்தது. வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூமும் கூட்டாளிகளும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இது.

வீட்டிலிருந்து வேலை செய்வதற்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் இந்த 13 சதவீதத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கதையின் மீதிதான் நமக்கு முக்கியம். சோதனை முடிந்ததும் ‘இனி உங்கள் விருப்பம்’ என்று சொன்னபோது, சோதனையில் சேர்ந்திருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் முடிவை மாற்றிக்கொண்டார்கள். பெரிய காரணம் தனிமை. இன்னொன்று, அதே அளவு வேலை காட்டியும் வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு குறைந்திருந்தது. கண்ணில் படாதவர் நினைவிலும் இல்லை. அப்புறம், இந்தச் சோதனையில் சேர ஒரு நிபந்தனை இருந்தது. வீட்டில் வேலை செய்வதற்கென்று தனி அறை இருக்க வேண்டும். மூக்கண்டப்பள்ளி வாடகை வீடுகளில் எத்தனை பேரால் அந்த நிபந்தனையைத் தாண்ட முடியும்?

அதே நிறுவனத்தில் 2021-22இல் நடந்த இரண்டாவது சோதனை ஹைப்ரிட்டைப் பற்றியது. 1,612 ஊழியர்கள். ஒரு பிரிவினருக்கு வாரத்தில் இரண்டு நாள் வீடு, மற்றவர்களுக்கு ஐந்து நாளும் அலுவலகம். 2024இல் நேச்சர் இதழில் முடிவு வந்தது. வேலைத்திறனில் வித்தியாசமில்லை. இரண்டு ஆண்டுகள் வரை பார்த்ததில் பதவி உயர்விலும் வித்தியாசமில்லை. ஆனால் வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். யாரிடம் இந்தக் குறைவு அதிகம் என்று பார்த்தால், மேலாளர் அல்லாதவர்கள், பெண்கள், நீண்ட தூரம் பயணம் செய்கிறவர்கள். ஓசூரிலிருந்து பெங்களூரு போய்வரும் இளம் ஊழியர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வைக் காட்ட முடியாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், வாரம் முழுக்க வீட்டிலேயே அடைந்து கிடப்பதைவிட, ஆட்களைப் பார்க்கவும் பயணத்தைக் குறைக்கவும் இடம்கொடுக்கும் ஹைப்ரிட்தான் பலருக்கும் ஒத்துவரும் என்று தெரிகிறது.

ஆனால் ஹைப்ரிட் நன்றாக அமைய ஒரு நிபந்தனை உண்டு. அலுவலகம் போகும் நாளில் குழுவில் மற்றவர்களும் அங்கே இருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் பயணம் செய்துபோய், காதில் ஹெட்செட் மாட்டி, வீட்டில் இருக்கும் சக ஊழியரோடு வீடியோ காலில் பேசிவிட்டுத் திரும்பினால் அந்த நாள் வீண். எந்த நாள் எல்லோரும் வருகிறோம் என்பதைக் குழுவே பேசி முடிவு செய்து, புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது, அப்ரைசல் பேச்சு, கூடிச் சாப்பிடுவது ஆகியவற்றை அந்த நாளில் வைக்க வேண்டும். தனியாக உட்கார்ந்து செய்யும் வேலையை வீட்டு நாளுக்கு விட்டுவிடலாம்.

இனி நேரம். வீட்டிலிருந்து வேலை செய்வதன் மிகப் பெரிய ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன். கலிஃபோர்னியாவில் காலை ஒன்பது மணி என்றால் நமக்கு இரவு ஒன்பதரை, பருவத்தைப் பொறுத்துப் பத்தரை. அந்த மீட்டிங் முடிந்த பிறகும் காலையில் பத்து மணிக்கு இந்தியக் குழுவின் மீட்டிங் இருக்கும். ‘நடுவில் ஓய்வாகத்தானே இருந்தீர்கள்’ என்று கேட்பார்கள். உண்மையில் நடுவில் யாரும் ஓய்வாக இருப்பதில்லை. திரையில் தன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிய வேண்டும் என்ற கவலையோடு மவுஸை அசைத்துக்கொண்டிருப்பார்கள்.

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட கணக்கு கவலைக்குரியது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவரைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். தொழிற்சாலையில் ஒருவர் 55 மணி நேரம் வேலை செய்தால் பஞ்சிங் மெஷினில் பதிவாகும், ஓ.டி. கணக்கில் வரும். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் எழுந்து நின்றன, சில நாட்களிலேயே அரசு அதைத் திரும்பப் பெற்றது. வீட்டில் 12 மணி நேரம் வேலை செய்பவருக்காக அப்படிக் குரல் எழவில்லை. அது யார் கண்ணிலும் படுவதில்லையே.

சட்டம் முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன்படி நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48. ஓ.டி.யையும் சேர்த்து நாளுக்குப் பத்து, வாரத்துக்கு 54. கம்பெனி கர்நாடகத்தில் பதிவாகியிருந்தால் அந்த மாநிலத்தின் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாளுக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு அதே 48. மேலாளர் பதவியில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. அந்த வாசல் வழியாகத்தான் பலரையும் ‘மேனேஜர்’ ஆக்கி வெளியே நிறுத்திவிடுகிறார்கள். ஆள் யாரையும் நிர்வகிக்காமல் இருப்பார், பெயரில் மட்டும் மேனேஜர் இருக்கும்.

வேலை நேரம் முடிந்த பிறகு அழைப்பை எடுக்காமல் இருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017 ஜனவரி முதல் சட்டத்தில் வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல் நடைமுறை. போர்ச்சுகல் 2021இல் இன்னும் ஒரு படி போய், நேரம் முடிந்த ஊழியரை முதலாளி தொடர்புகொள்வதையே தடுத்தது. நம் மக்களவையில் உறுப்பினர் சுப்ரியா சுலே 2018இல் இதற்கென ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்கள் இருக்கின்றன. ஒரு டீம் லீட் தன் குழுவோடு பேசி, எத்தனை மணிக்கு மேல் வரும் மெசேஜுக்கு மறுநாள் பதில் போதும் என்று எழுத்தில் வைத்துவிடலாம். உண்மையான அவசரம் என்றால் போன் செய்வோம், மற்றதெல்லாம் காத்திருக்கும் என்று சொல்லிவிடலாம். இரவு மீட்டிங் தவிர்க்க முடியாது என்றால் முறை வைத்து மாற்றலாம், ஒரே ஆள் தினமும் உட்கார வேண்டாம். இரவு உட்கார்ந்தவருக்கு மறுநாள் காலை தாமதமாகத் தொடங்க உரிமை தர வேண்டும். மிக முக்கியம், டீம் லீடே இரவு பன்னிரண்டு மணிக்கு மெயில் அனுப்பக் கூடாது. அவர் அனுப்பினால் மேலே சொன்ன விதி எல்லாம் காகிதம்தான். தூக்கம் வராத நேரத்தில் எழுதினாலும் காலை ஒன்பது மணிக்குப் போகும்படி வைத்துவிட முடியும்.

இடத்துக்கு வருவோம். எல்லை ஓரத் தொழில் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இதில் இருக்கிறது, பெருநகர எச்.ஆர். கையேடுகளில் அதைப் பார்க்க முடியாது. கணவர் சிப்காட்டில் நைட் ஷிப்ட், மனைவி வீட்டிலிருந்து சாஃப்ட்வேர் வேலை என்று வைத்துக்கொள்வோம். கணவர் காலையில் வந்து படுத்தால் பகல் முழுக்கத் தூங்க வேண்டும். அதே நேரம் மனைவிக்கு மீட்டிங். இரண்டே அறை உள்ள வீட்டில் ஒருவர் தூக்கம் மற்றவர் குரலுக்குப் பலி, அல்லது ஒருவர் வேலை மற்றவர் தூக்கத்துக்குப் பலி. மனைவி மொட்டை மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசுவார். கணவர் அரைத்தூக்கத்தோடு மறுபடி மெஷினுக்கு முன்னால் போய் நிற்பார். தூக்கமில்லாமல் பிரஸ் மெஷின் ஓட்டுவது விரலுக்கு ஆபத்து. ஒரு கம்பெனியின் மீட்டிங் நேரம் இன்னொரு கம்பெனியின் விபத்துக்குக் காரணமாகலாம் என்பதை இந்த ஊரில் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கம்பெனி இதற்கு என்ன செய்ய முடியும்? முதலில் கேட்க வேண்டும். ‘வீட்டில் வேலை செய்ய இடம் இருக்கிறதா, யாரோடு பகிர்ந்துகொள்கிறீர்கள், எந்த நேரம் பேச வசதி’ என்ற மூன்று கேள்விகளை வேலைக்கு எடுக்கும்போதே கேட்டுவிடலாம். பதிலுக்கேற்ப மீட்டிங்கைப் பிற்பகலுக்கு மாற்றுவது பெரும்பாலும் சாத்தியம். கணவரின் ஷிப்ட் வாரம் மாறும்போது மனைவியின் அலுவலக நாட்களையும் மாற்றிக்கொள்ள விடலாம். கேமராவை எப்போதும் திறந்து வை என்ற கட்டாயத்தைக் கைவிட வேண்டும். பின்னால் தூங்கும் கணவரையோ கொடியில் காயும் துணியையோ உலகத்துக்குக் காட்ட யாருக்கும் விருப்பமிருக்காது.

பொருள் செலவும் உண்டு. முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலி, கண் மட்டத்துக்குத் திரை, தனி விசைப்பலகை, ஒரு விளக்கு. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை ஒன்பதிலிருந்து மாலைவரை கரண்ட் இருக்காது. அந்த நாளுக்கு இன்வெர்ட்டர் வேண்டும், அல்லது அது அலுவலக நாளாக இருக்க வேண்டும். தொழிற்சாலையில் ஸ்பேனரைத் தொழிலாளி வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வதில்லை. வீட்டிலிருந்து வேலை செய்பவரிடம் மட்டும் நாற்காலி, இன்டர்நெட், கரண்ட் பில் எல்லாம் உன் செலவு என்பது நியாயமில்லை.

வீடும் சரிவராது, பெங்களூருவும் தூரம் என்றால் மூன்றாவது வழி ஒன்று உண்டு, அதைத் தமிழ்நாட்டில் செய்தே காட்டியிருக்கிறார்கள். ஜோஹோ நிறுவனம் 2011இலேயே தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் தொடங்கியது. கொரோனாவுக்குப் பிறகு ஊழியர்களின் சொந்த ஊர்களுக்குப் பக்கத்தில் சிறு அலுவலகங்களைத் திறந்தது. பெரிய நகரத்துக்கும் போக வேண்டாம், படுக்கையறையிலும் அடைய வேண்டாம். மாநில அரசின் மினி டைடல் ஐ.டி. பூங்காக்கள் 2024இல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலத்தில் திறக்கப்பட்டன. ஓசூருக்கும் டைடல் பூங்கா அறிவிக்கப்பட்டிருக்கிறது, விஸ்வநாதபுரத்தில் எல்காட் பூங்காவும் உண்டு. பெங்களூரு கம்பெனிகள் ஓசூர் ஊழியர்களுக்காக அங்கே பத்து இருபது மேசைகளை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தால், நாற்காலி, கரண்ட், தனிமை, படிக்கட்டு மீட்டிங் ஆகிய பிரச்சினைகள் பெரும்பாலும் தீரும். இதைச் செய்யும்படி ஊழியர்கள் கூட்டாகக் கேட்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘வீட்டிலேயே வேலை, குழந்தையையும் பார்த்துக்கொள்ளலாம்’ என்று உறவினர்கள் வாழ்த்துகிறார்கள். 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் அதில் செலவிட்டதாகத் தெரிந்தது. ஏறத்தாழ ஐந்து மணி நேர வீட்டு வேலையோடு எட்டு மணி நேர அலுவலக வேலையைச் சேர்த்துப் பாருங்கள். வீட்டில் இருப்பவர் ‘இருக்கிறார்’ என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். சிலிண்டர் வந்தால் அவர், மாமியாருக்கு மாத்திரை என்றால் அவர். 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 26 வார விடுப்பு முடிந்த பிறகும் வேலையின் தன்மை இடம்கொடுத்தால் இரு தரப்பும் பேசி வீட்டிலிருந்து வேலை செய்ய வழி வைத்தது. 50 ஊழியர்களோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகமும் வேண்டும் என்றது. வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டுவிட்டதால் காப்பகம் தேவையில்லை என்று கம்பெனிகள் நினைக்கின்றன. வேலை நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவை என்பது வீட்டிலும் மாறுவதில்லை. காப்பகச் செலவைப் பணமாகவாவது கொடுக்கலாம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடம் என்பதில் வசிப்பிடத்தையும் சேர்த்திருக்கிறது. இரவில் வேலைக்குச் சம்பந்தமில்லாமல் வீடியோ கால் செய்வது, மீட்டிங்கில் தோற்றத்தைப் பற்றிப் பேசுவது ஆகியவற்றைப் பற்றியும் உள்ளகப் புகார்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு இருந்தாக வேண்டும். பத்துக்குக் கீழ் என்றால் மாவட்ட அளவிலான குழு உண்டு. வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு அந்தக் குழுவின் மெயில் முகவரியாவது கையில் இருக்கிறதா என்று எச்.ஆர். பார்க்க வேண்டும்.

மன நலத்துக்கு வருகிறேன். வேலையால் வரும் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டில் விளக்கியபோது, அதைத் தனி மனிதரின் நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் சரியாகக் கையாளப்படாத தொடர் அழுத்தத்தின் விளைவு என்றது. சக்தி வற்றிப்போவது, வேலைமேல் வெறுப்பும் விலகலும், எதையும் ஒழுங்காகச் செய்யவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். அலுவலகத்தில் இவை முகத்தில் தெரியும், யாராவது டீ குடிக்கக் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். வீட்டில் மியூட்டில் இருப்பவர் முகம் யாருக்கும் தெரியாது. எப்போதும் முதலில் பேசுபவர் வாரக்கணக்கில் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால், நேரம் தவறாதவர் தவறத் தொடங்கினால், டீம் லீட் போனை எடுத்து, டார்கெட் பேச்சே இல்லாமல் ‘எப்படிம்மா இருக்க, வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா’ என்று கேட்க வேண்டும். கேட்டு, பதில் வரும்வரை பொறுமையாக இருக்க வேண்டும். சொன்னதை அப்ரைசலில் கொண்டுவரக் கூடாது. ஒருமுறை கொண்டுவந்தால் அதன் பிறகு அந்தக் குழுவில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

தியானச் செயலி விஷயத்தில் ஓர் ஆய்வு வெளிப்படையாகப் பேசுகிறது. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தகவலை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் வில்லியம் ஃபிளெமிங் ஆராய்ந்து 2024இல் வெளியிட்டார். மனப் பயிற்சி வகுப்பு, மன உறுதிப் பயிற்சி, நலச் செயலி போன்றவற்றில் சேர்ந்தவர்கள், சேராதவர்களைவிட நன்றாக இருந்ததாகத் தெரியவில்லை. வேலை நேரமும் வேலைப் பளுவும் அப்படியே இருக்க, மூச்சை இழுத்து விடச் சொல்வதால் என்ன ஆகும்?

அதற்காக உதவி வேண்டாம் என்றில்லை. நிலைமை கைமீறும்போது நிபுணரின் உதவி வேண்டும். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு டெலி மானஸ் தொலைபேசி சேவையைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் இதை ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடத்துகிறார்கள். இந்தச் சேவையின் தலைமை மையம் நிம்ஹான்ஸ் என்னும் மனநல மருத்துவமனை. அந்த மருத்துவமனை பெங்களூருவில் ஓசூர் சாலையிலேயே இருக்கிறது, தினமும் அதைக் கடந்து வேலைக்குப் போகிறவர்கள் பலர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உடல் நோய்க்குப் போலவே மன நோய்க்கும் காப்பீட்டுக் கம்பெனிகள் பணம் தர வேண்டும், நோயாளியின் தகவல் ரகசியமாக இருக்க வேண்டும். கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸில் இது எப்படி இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சிப்காட்டில் பெரிய கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்துதரும் சிறு யூனிட்டுகளிலும் இப்போது டிராயிங் போடுபவர், கணக்கர், பர்ச்சேஸ் பார்ப்பவர் என்று ஓரிருவர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள். அங்கே எச்.ஆர். கிடையாது, முதலாளியே எல்லாம். ஷாப் ஃப்ளோரில் நிற்பவர்களுக்கு ‘அவர் மட்டும் வீட்டில் ஜாலியாக’ என்ற மனத்தாங்கல் வருவது இங்கேதான். அந்த மனத்தாங்கலை ஒதுக்கித்தள்ள முடியாது. மெஷினை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதவருக்கும் வேறு விதத்தில் நெகிழ்வு தரலாம். ஷிப்டை ஒருவரோடொருவர் மாற்றிக்கொள்ளும் உரிமை, அடுத்த மாத ஷிப்ட் அட்டவணை முன்கூட்டியே கையில், அவசரத்துக்கு இரண்டு மணி நேர பெர்மிஷன். இதற்குப் பெரிய செலவில்லை.

கடைசியாக, எல்லை ஓரத்தில் வாழ்பவர்கள் மறக்காமல் கேட்க வேண்டிய ஒன்று. பெங்களூரு கம்பெனி கர்நாடக விடுமுறைப் பட்டியலை வைத்திருக்கும். அதில் சங்கராந்தி இருக்கும், யுகாதி இருக்கும், நவம்பர் 1 இருக்கும். மாட்டுப் பொங்கலும் உழவர் திருநாளும் இருக்காது. வீடு தமிழ்நாட்டில், குழந்தையின் பள்ளிக்கு விடுமுறை, தெருவெல்லாம் பொங்கல், இவர் மட்டும் லாகினில். விருப்ப விடுமுறையாக இரண்டு நாள் மாற்றிக்கொள்ள விடுவது கம்பெனிக்கு ஒரு பைசா செலவில்லாத காரியம். வேலைக்குச் சேரும் முன்பே இதையும், எந்த மாநிலச் சட்டம் தனக்குப் பொருந்தும் என்பதையும், இரவு மீட்டிங் எத்தனை, நாற்காலிச் செலவு யாருடையது, அலுவலக நாளில் குழுவும் வருமா என்பதையும் கேட்டு மெயிலில் பதில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் டீம் லீட் மாறினாலும் அந்த மெயில் இருக்கும்.